மோட்டாருக்கும் மூச்சு உண்டு
டி.வி.சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கை வரலாறு

விடியற்காலை நேரம். அதிராம்பட்டினம் கடற்கரையில் படகுகள் வந்து சேருகின்றன. மீன் பெட்டிகள் கரை ஏறுகின்றன. சற்று நேரத்தில் சின்னச் சின்ன மொபெட் வண்டிகள் அங்கிருந்து கிளம்புகின்றன. பின்னால் ஒரு பெட்டி. முன்னால் ஒரு கூடை. ஒரு வண்டி பட்டுக்கோட்டைக்குப் போகிறது. இன்னொரு வண்டி வயல் நடுவே உள்ள கிராமத்துக்குப் போகிறது.

அந்த வண்டிகளில் பலவற்றின் மேல் மூன்று எழுத்துக்கள் இருக்கும். டி.வி.எஸ். என்ற எழுத்துக்கள். அறுவடை காலத்தில் அதே வண்டி நெல் மூட்டையைச் சுமக்கும். திருவிழா நாளில் குடும்பத்தையே சுமக்கும்.

யார் அந்த டி.வி.எஸ்.?

பலருக்கு அது ஒரு கம்பெனியின் பெயர். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். முதல் எழுத்து அவர் பிறந்த ஊரைக் குறிக்கும். கடைசி எழுத்து அவருடைய சொந்தப் பெயர். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

அந்த மொபெட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து, 1980ல்தான் ஓசூர் தொழிற்சாலையில் இருந்து அந்த வண்டி வந்தது. ஆனால் அவருடைய மோட்டார் கதை தொடங்கியது இதே தஞ்சைச் சீமையில்தான்.

மலையடிவாரப் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி என்று ஓர் ஊர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நம்பி கோவிலால் புகழ் பெற்ற ஊர். 1877ம் ஆண்டு மார்ச் மாதம் 22ந் தேதி சுந்தரம் அங்கே பிறந்தார்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களில் எல்லோருக்கும் இருந்த ஆசை அது. சுந்தரமும் முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். மனம் ஒட்டவில்லை. பிறகு ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதன் பின் ஒரு பாங்கியில் வேலை பார்த்தார்.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகம். ஊரில் மதிப்பு உண்டு. பெண் கொடுக்கிறவர்கள் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட உத்தியோகத்தை ஒரு நாள் அவர் உதறினார். சொந்தத் தொழில் செய்யப் புறப்பட்டார்.

அவர் தேர்ந்தெடுத்த தொழில்தான் வியப்பானது. மோட்டார்! அப்போது மோட்டார் வண்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வைத்திருந்தார்கள். குடியானவன் காசு கொடுத்து ஏறுவான் என்று அன்று யார் எண்ணியிருப்பார்கள்?

தஞ்சையில் இருந்து புதுக்கோட்டைக்கு

1912ம் ஆண்டு. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார்.

இந்தப் பாதையை அவர் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருந்தது. தஞ்சாவூருக்கு ரெயில் இருந்தது. அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை பக்கத்திலும் ஜில்லா போர்டு ரெயில் ஓடிக் கொண்டிருந்தது. ஆனால் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அங்கே ரெயில் கிடையாது. 1929ல்தான் திருச்சியில் இருந்து புதுக்கோட்டைக்கு ரெயில் வந்தது. அதுவரை மாட்டு வண்டிதான் கதி.

தஞ்சாவூரில் இருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்குச் சுமார் 36 மைல். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைல், மிஞ்சினால் மூன்று மைல் போகும். வெயிலில் மாடு தாங்காது. இடையில் அவிழ்த்து விட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். ராத்திரியில் வண்டிக்கடியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு கலியாணத்துக்குப் போய் வர நாலு நாள் ஆகும்.

மோட்டார் பஸ் அதை ஒரு பகல் வேலையாக ஆக்கியது.

ஆனால் அந்தக் கால மோட்டார் இன்றைய மோட்டார் அல்ல. சாவியைத் திருப்பினால் ஓடாது. முன்னால் நின்று இரும்புக் கம்பியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால் கை எலும்பு முறியும். பெட்ரோல் தகர டின்களில் வந்தது. செம்மண் சாலையில் ஆளுயரத்துக்குப் புழுதி கிளம்பும். மழைக் காலத்தில் சக்கரம் சேற்றில் புதையும்.

வழியில் வண்டி நின்று விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஜனங்களின் பெரிய பயம். மாடு களைத்தால் தட்டிக் கொடுக்கலாம். மோட்டாரைத் தட்டிக் கொடுக்க முடியுமா? நடுக்காட்டில் பெண்டு பிள்ளைகளோடு நிற்பதா?

பஸ் தொழிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருந்தது. நாலு முறை வழியில் நின்றால் ஜனங்கள் மறுபடி மாட்டு வண்டிக்கே போய்விடுவார்கள். போட்ட முதல் போய்விடும். விட்டு வந்த உத்தியோகமும் திரும்பக் கிடைக்காது.

நேரம் தவறாத பஸ்

பஸ்சை வாங்குவது பெரிதல்ல. அதை நாள்தோறும், வருஷம் முழுவதும், குறித்த நேரத்துக்கு ஓட வைப்பதுதான் பெரிது. சுந்தரம் அய்யங்கார் தம் தொழிலை இந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டினார்.

அந்தக் காலத்தில் பல பஸ்காரர்கள் ஆள் நிரம்பும்வரை வண்டியை எடுக்க மாட்டார்கள். கூவிக் கூவி ஆள் சேர்ப்பார்கள். டி.வி.எஸ். பஸ் அப்படி நிற்காது என்று பெயர் எடுத்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் வந்தால் கிளம்பிவிடும். அந்த பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தவர்கள் உண்டு என்று மதுரைப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்வார்கள். அன்றைய சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பஸ் டயரைக் குத்திக் கிழிக்கும். அதற்கு அவர் ஒரு வழி கண்டார். காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டச் செய்தார். ஆணிகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. பின்னால் வந்த பஸ் பங்சர் ஆகாமல் போயிற்று.

டயர் கிழிந்த பிறகு ஒட்டுப் போடுவது ஒரு வழி. டயர் கிழியாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. அவர் இரண்டாவது வழியில் நடந்தவர்.

மதுரை அவருடைய தலைமை இடமாயிற்று. பஸ்களும் லாரிகளும் பெருகின. 1923ல் சதர்ன் ரோட்வேஸ் என்ற கம்பெனி தோன்றியது. மோட்டார் வண்டிகளையும் உதிரிச் சாமான்களையும் விற்கும் வியாபாரமும் வளர்ந்தது. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் முதலிய கம்பெனிகள் கிளைத்தன.

என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது?

மோட்டாரை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டுமானால், அது எப்படி உயிர் வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது. காற்றும் வேண்டும். ஊதுகுழலால் ஊதினால் தீ கொழுந்து விடுகிறது. காற்று குறைந்தால் புகைகிறது. என்ஜினும் அடுப்புதான். சிலிண்டர் என்ற இரும்புக் குழாய்க்குள் எரியும் அடுப்பு.

பெட்ரோல் என்ஜின் முதலில் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளே இழுக்கிறது. பிறகு அதை அழுத்துகிறது. அப்போது ஒரு பொறி தட்டுகிறது. கலவை பற்றி எரிகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. சக்கரம் சுழல்கிறது. கடைசியில் புகை வெளியே போகிறது. இழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல். இந்த நான்கும் ஒரு நிமிஷத்தில் பல நூறு தடவை நடக்கின்றன.

ஒரு கிலோ பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். ஆகவே என்ஜின் குடிப்பது பெட்ரோலை என்றாலும், அது பெருந்தீனியாகத் தின்பது காற்றை. காற்றை வடிகட்டும் பில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். களத்து மேட்டுப் பதரும் சாலைப் புழுதியும் பறக்கும் தஞ்சைச் சீமையில், அந்தப் பில்டரைத் துப்புரவாக வைப்பது பாதி வைத்தியம்.

எல்லாம் டிரைவர் கையில்

ஒரே மாதிரி இரண்டு வண்டிகள். ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று பத்து ஆண்டு ஓடுகிறது. இன்னொன்று மூன்று ஆண்டில் பட்டறைக்குப் போகிறது. காரணம் என்ன? பெரும்பாலும் டிரைவரின் கையும் காலும்தான்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் அடியில் இறங்கி இருக்கும். கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறும விட்டால், ஆயில் போய்ச் சேருவதற்கு முன்பே இரும்போடு இரும்பு உரசும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய வண்டிக்கு அரை நிமிஷம் போதும். பிறகு கொஞ்ச தூரம் மெதுவாகப் போனால் என்ஜின் தானே சூடாகிவிடும்.

கிளச்சின் மேல் எந்நேரமும் காலை வைத்திருப்பது இன்னொரு கெட்ட பழக்கம். அதனால் கிளச்சுத் தகடு வழுக்கித் தேய்கிறது. கருகிய நாற்றம் வருகிறது.

பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, மேட்டிலும் மேல் கியரிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. வண்டி திணறுகிறது. உள்ளே டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கிறது. அது என்ஜினின் முனகல். கியரைக் குறைத்துக் கொடுத்தால் முனகல் நிற்கும்.

திடீரென்று விரட்டுவது, திடீரென்று பிரேக் போடுவது, இதுவும் வீண். விரட்டியபோது எரித்த பெட்ரோல் எல்லாம் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது.

நேரம் தவறாத பஸ் என்ற பெயர் இத்தகைய டிரைவர் ஒழுங்கும் பட்டறை ஒழுங்கும் இல்லாமல் யாருக்கும் கிடைக்காது. குறித்த நேரத்துக்குக் கிளம்புகிற வண்டி, வழியில் பறக்க வேண்டியதில்லை. நிதானமாகப் போகலாம். நேரம் தவறிக் கிளம்பும் வண்டிதான் என்ஜினையும் பிரேக்கையும் வதைக்கிறது.

கடலில் இருந்து மலைக்கு

தஞ்சைச் சீமை தட்டையான சீமை. அதிராம்பட்டினத்தில் கடல் மட்டமும் தரை மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். தஞ்சாவூர் ஊரே சுமார் 200 அடி உயரத்தில்தான் இருக்கிறது. இங்கே என்ஜினுக்கு முழுக் காற்று கிடைக்கிறது.

மதுரைக்குப் போனால் கதை வேறு. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்குப் பாதை போகிறது. ஒரு காலத்தில் கொடைக்கானலுக்குக் குதிரையிலும் டோலியிலும்தான் போனார்கள். மனிதனை மனிதன் தோளில் சுமந்தான். முதல் உலகப் போர் காலத்தில்தான் மோட்டார் போகும் மலைப் பாதை திறந்தது.

கொடைக்கானலின் உயரம் சுமார் 7 ஆயிரம் அடி. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து விடுகிறது. கீழே 100 பங்கு காற்று இருந்தால், அங்கே அதே இடத்தில் சுமார் 80 பங்குதான் இருக்கும். மேட்டில் வேகமாக நடக்கும் மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது அல்லவா? என்ஜினுக்கும் அப்படியே.

ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சாதாரண என்ஜின் தன் பலத்தில் 100க்கு 3 பங்கை இழக்கிறது என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் கொடைக்கானல் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். வண்டியின் பாரமோ குறையவில்லை. ஏற்றமோ கூடிக்கொண்டே போகிறது. பலம் மிகவும் தேவைப்படும் இடத்தில் பலம் குறைகிறது!

பழைய வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கார்புரேட்டர் என்ற கருவிதான் பெட்ரோலைக் காற்றோடு கலந்தது. அதைக் கீழ்நாட்டுக் காற்றுக்குப் பொருத்தமாக முடுக்கி வைத்திருப்பார்கள். மலையில் காற்று மெலிந்ததும் கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடும். விறகைத் திணித்த அடுப்பைப் போல என்ஜின் புகையும். பொறி தட்டும் பிளக்கில் கரி பிடிக்கும். பெட்ரோல் செலவும் ஏறும்.

தண்ணீருக்கும் மலையில் குணம் மாறுகிறது. கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 7 ஆயிரம் அடி உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அங்கே சோறு வேக நேரம் ஆவதும் இதனால்தான். பழைய கால மோட்டாரின் ரேடியேட்டர் தண்ணீர் ஏற்றத்தில் சீக்கிரம் கொதித்துவிடும். ஓடைக் கரையில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவார்கள். ஆறுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது ஆபத்து. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இது அன்றைக்கும் உண்மை. இன்றைக்கும் உண்மை.

ஆகவே மலை ஏறும் டிரைவர் விரட்டக் கூடாது. கீழ் கியரில், ஒரே சீரான வேகத்தில், என்ஜினுக்கு மூச்சு விட இடம் கொடுத்து ஏற வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம்

மலை ஏறும்போது கெடுவது என்ஜின். இறங்கும்போது போவது உயிர்.

இறக்கத்தில் வண்டி தானே உருளும். புதிய டிரைவர் காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருப்பார். பிரேக் உரசி உரசிப் பழுக்கச் சூடேறும். சூடு மிஞ்சினால் பிரேக் பிடிக்காது. காலை அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம். உள்ளே முப்பது, நாற்பது உயிர்கள்.

இதற்கு அனுபவசாலிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பதே அந்த விதி. கீழ் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை இடையிடையே மட்டும் மிதித்தால் போதும்.

பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். இன்றைய வண்டிகளில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ஜின்தான் துணைப் பலம் கொடுக்கிறது. என்ஜின் நின்றால் இரண்டும் கல்லாகிவிடும்.

மலைப் பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சாலைச் சட்டம். இதில் நியாயமும் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறி வருகிறவனை நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளம்புவது கடினம்.

கரியில் ஓடிய பஸ்

சமவெளியில் ஓடிய பஸ்களுக்கும் ஒரு நாள் மூச்சுத் திணறல் வந்தது. இரண்டாவது உலகப் போர் அதைக் கொண்டு வந்தது.

1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பர்மா எண்ணெய் நின்றது. கிடைத்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போயிற்று. மற்றவர்களுக்கு ரேஷன். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளியும், பரீட்சைக்குப் போக வேண்டிய மாணவனும், சந்தைக்குப் போக வேண்டிய காய்கறியும் தவித்தன.

சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் பஸ் ஓட்டும் கருவியைத் தயாரித்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

பஸ்சோடு ஓர் இரும்பு உருளை இணைந்திருக்கும். அதில் மரக்கரி எரியும். காற்றைக் குறைத்து எரிப்பதால் கரி முழுவதும் சாம்பலாகாது. எரியக் கூடிய வாயு கிளம்பும். அந்த வாயுவை வடிகட்டி, ஆறவைத்து, என்ஜினுக்குள் விடுவார்கள்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. விடியற்காலையிலேயே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். வடிகட்டி சரியில்லாவிட்டால் சாம்பல் தூள் சிலிண்டருக்குள் போய் அறுத்துவிடும். வெளியேறும் வாயுவோ விஷம். பெட்ரோலில் கிடைத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தரையில் ஓடும்போதே மலை உச்சியில் ஓடுவது போன்ற நிலை! மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவது அந்த நாளில் சகஜம்.

ஆனாலும் பஸ் ஓடியது. போர்க் காலத்தில் அதுவே பெரிய காரியம்.

புது டயரும் அப்போது கிடைக்கவில்லை. மலாயா ரப்பரும் ஜப்பானியர் கையில் சிக்கியிருந்தது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலிலும் டி.வி.எஸ். நிறுவனம் இறங்கியது. இருப்பதைப் பேணி வாழ்வது அந்த நிறுவனத்துக்குக் கைவந்த கலையாயிற்று.

மகள் ஏறிய மலை

அவருடைய குடும்பத்தில் இன்னொரு மலையேற்றமும் நடந்தது. அவர் மகள் சவுந்தரம் 1904ல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் விதவைப் பெண் வீட்டு மூலையில் காலம் தள்ள வேண்டும். சவுந்தரம் அப்படி ஒடுங்கவில்லை. டெல்லிக்குப் போய்ப் படித்து டாக்டரானார்.

1940ல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ஆசாரமான குடும்பம். வேறு சாதி மாப்பிள்ளை. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆயினும் அந்த மணம் நிலைத்தது. 1947ல் கணவனும் மனைவியும் திண்டுக்கல் அருகே காந்தி கிராமத்தை அமைத்தார்கள். ஏழைக் கிராம ஜனங்களுக்கு மருத்துவமும் கல்வியும் அங்கே கிடைத்தன.

தந்தை ஊர்களைச் சாலையால் இணைத்தார். மகள் அந்த ஊர்களில் இருந்த ஜனங்களுக்குப் பணி செய்தார்.

பிள்ளைகளின் கையில்

தொழில் நன்றாக ஓடத் தொடங்கியதும் சுந்தரம் அய்யங்கார் அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நால்வரும் பொறுப்பை ஏற்றார்கள். ஸ்டீயரிங்கைக் கொடுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பிடித்து இழுக்கிற முதலாளிகள் உண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. ஓய்வு பெற்றார்.

1955ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ந் தேதி, கொடைக்கானலில் இருந்த தமது இல்லத்தில், தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 78. மலையடிவாரத்தில் பிறந்தவர் மலை உச்சியில் மறைந்தார்.

1957ல் மதுரையில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

அவருக்குப் பின் பிள்ளைகள் தொழிலை வேறு திசையிலும் வளர்த்தார்கள். வண்டியின் உறுப்புகளையே இங்கு செய்யத் தொடங்கினார்கள். 1961ல் மின்சார உறுப்புகளுக்காக லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. 1962ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது. அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டன் வந்தது. இவை சென்னைப் பாடியில் எழுந்தன. மலையில் இறங்கும் லாரியைப் பிடித்து நிறுத்தும் பிரேக்குகள் தமிழ்நாட்டிலேயே உருவாயின.

1972ல் சர்க்கார் பஸ் போக்குவரத்தை எடுத்துக்கொண்டு கழகங்களை அமைத்தது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும், கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகமும் தோன்றின. தனியார் பஸ்களாக ஓடிய டி.வி.எஸ். காலம் அத்தோடு முடிந்தது. பெயர் மட்டும் முதியவர்கள் பேச்சில் நெடுநாள் நின்றது.

இன்றும் மாறாத பாடம்

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் போய்விட்டது. காற்று எவ்வளவு என்று அளக்கும் கருவி இருக்கிறது. அந்த அளவுக்குத் தக்கபடி சிறிய கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதனால் மலையில் கரும்புகை குறைந்துவிட்டது.

டர்போ என்ற கருவியும் வந்துவிட்டது. வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு விசிறி சுழன்று, மெலிந்த காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி 1905லேயே இதற்கு வழி கண்டார். டர்போ உள்ள வண்டி மலையில் அவ்வளவாகக் களைப்பதில்லை. ஆனால் ஏற்றம் ஏறி நின்றவுடன் என்ஜினை நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, விசிறி ஆறிய பின் நிறுத்த வேண்டும்.

கருவிகள் எத்தனை வந்தாலும் கிளச்சின் மேல் இருக்கும் காலை அவை எடுத்து வைப்பதில்லை. இறக்கத்தில் கீழ் கியரைப் போடச் சொல்லிக் கையைப் பிடிப்பதில்லை. ஆயில் மாற்றும் நாள் வந்தால், பட்டறைக்கு ஓட்டிப் போக மனிதன்தான் வேண்டும்.

கோடை விடுமுறையில் அதிராம்பட்டினத்துக் குடும்பம் ஒன்று கொடைக்கானலுக்குக் கார் எடுக்கலாம். கடல் மட்டத்தில் இருந்து 7 ஆயிரம் அடி. புறப்படும் முன் ரேடியேட்டர், ஆயில், பிரேக், டயர் நான்கையும் பார்த்துவிட்டால் கவலை பாதி தீர்ந்தது. ஏறும்போது நிதானம், இறங்கும்போது கீழ் கியர் என்று டிரைவர் பழகியிருந்தால் மீதியும் தீர்ந்தது.

1912ல் செம்மண் சாலையில் பஸ் விட்ட சுந்தரம் அய்யங்கார் ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்ததும் இப்படித்தான். பழுது வந்தபின் ஓடாமல், பழுது வராமல் காத்தார். பட்டுக்கோட்டை சாலையில் மீன் கூடையோடு போகும் சின்ன வண்டிக்கும், மலை ஏறும் பெரிய பஸ்சுக்கும் அது ஒன்றே மருந்து.